மறுபடியும் விடுவதற்கு முன்

குடியின் கேடு பற்றியும் புகையிலையின் கேடு பற்றியும் பேசுகிற கூட்டங்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. 'தொடாதே' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். 'விட்டுவிடு' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். விட்டவர் மறுபடி தொடுகிறாரே, தொட்டவர் மறுபடி விடுகிறாரே, விடுவதும் தொடுவதுமாகவே இருபது வருடம் ஓடிப்போகிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பழக்கத்துக்கு ஆளானவர்களில் பலர் பலமுறை விட்டுப் பார்த்தவர்கள். மகளுக்குச் சடங்கு வைத்தபோது விட்டார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது விட்டார்கள். ஜனவரி 1 அன்று விட்டார்கள். பொங்கலுக்குள் திரும்பிவிட்டார்கள். இப்படி விட்டு விட்டுத் திரும்புவது உடம்பை என்ன செய்கிறது? மனதை என்ன செய்கிறது? வீட்டை என்ன செய்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் நான்காவது கேள்விக்கு வர முடியும்: அடுத்த முறை எப்படி விடுவது?

முதலில் உடம்பு. மது மூளையின் விழிப்பைத் தணிக்கும் பொருள். தினமும் குடிப்பவரின் மூளை, அதற்கு ஈடுகட்டுவதற்காகத் தன் விழிப்பை எந்நேரமும் முடுக்கியே வைத்துக்கொள்கிறது. திடீரென்று ஒரு நாள் மது வராமல் போனால், தணிப்பு போய்விடுகிறது, முடுக்கம் மட்டும் நிற்கிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். டீ கிளாஸை ஒரு கையால் தூக்க முடியாது. இரண்டு கையால் பிடித்தாலும் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் சிந்தும். வியர்த்துக் கொட்டும், குமட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் அண்டாது. சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், நடு இரவில் எங்கோ கிளம்பப் பார்ப்பார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அது காத்தும் அல்ல, கருப்பும் அல்ல. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் உயிரையே கொண்டுபோகக்கூடிய நோய்நிலை அது.

'போன தடவை விட்டபோது இரண்டு நாள் நடுக்கத்தோடு போய்விட்டது, இந்தத் தடவையும் அப்படித்தான் போகும்' என்று குடிப்பவர் நினைக்கிறார். வீட்டாரும் நினைக்கிறார்கள். மூளை அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 1960களின் இறுதியில் கனடாவில் கிரஹாம் காடார்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் மிகச் சிறிய மின்தூண்டலைத் தினம் ஒருமுறை கொடுத்துவந்தார். முதல் நாட்களில் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவு கூட்டப்படவில்லை. ஆனாலும் நாளாக நாளாக அதே சிறிய தூண்டலுக்கு எலிக்கு முழு வலிப்பே வந்தது. அதாவது, ஒவ்வொரு தூண்டலும் அடுத்த தூண்டலுக்கு மூளையைப் பக்குவப்படுத்திவிட்டுப் போயிருந்தது. மதுவை நிறுத்தும்போது வரும் கொந்தளிப்பும் இப்படித்தான் முறைக்கு முறை ஏறுகிறதோ என்று 1978இல் பாலஞ்சர், போஸ்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் கேட்டார்கள். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மது நிறுத்தத்தில் வலிப்பு வந்த 25 பேரையும் வராத 25 பேரையும் ஒப்பிட்டது. வலிப்பு வந்தவர்களில் 12 பேர் ஏற்கெனவே 5 முறையோ அதற்கு மேலோ சிகிச்சையில் மதுவை நிறுத்தியவர்கள். வராதவர்களில் அப்படி இருந்தவர்கள் 3 பேர்தான். சிறிய ஆய்வுதான். ஆனால் அது சொல்லும் எச்சரிக்கை பெரியது. போன முறை நடுக்கத்தோடு போனது இந்த முறை வலிப்பாக வரலாம்.

ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைகளில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி நம் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அவர்களுக்கும் இது பொருந்தும். இந்தப் போதையில் உடம்பு மெல்ல மெல்ல அளவைத் தாங்கப் பழகுகிறது. சில வாரம் நிறுத்தினால் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆனால் பழைய அளவு ஆளின் நினைவில் அப்படியே இருக்கிறது. திரும்பி வருகிறவர் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறார், மூச்சு நின்றுபோகிறது. 2003இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 137 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் 4 மாதத்துக்குள் அளவு மீறி இறந்தவர்கள் 3 பேர். மூவருமே சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் அல்லர், நல்லபடியாக முடித்து வீடு திரும்பியவர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30 ஆயிரம் பேரைப் பற்றிய ஆய்வு 2007இல் வந்தது. வெளிவந்த முதல் 2 வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம், அந்த மாநிலத்தின் பொதுமக்களுக்கு இருப்பதைவிட 129 மடங்கு இருந்தது. பையன் திருந்தி வந்துவிட்டான் என்று குடும்பம் மூச்சு விடும் அந்த முதல் நாட்கள்தான் அதிக விழிப்போடு இருக்க வேண்டிய நாட்கள்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் விடாமலே இருந்துவிடலாமே' என்று யாராவது எழுந்தால், அவருக்குப் புகையிலையைக் காட்டுகிறேன். சிகரெட்டையும் பீடியையும் திடீரென நிறுத்தினால் எரிச்சல் வரும், கோபம் வரும், பசி கூடும், தூக்கம் கெடும். முதல் 2, 3 நாட்களில் உச்சத்துக்குப் போகும், சில வாரங்களில் அடங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. விட்டுத் திரும்பியவரின் நுரையீரல் என்ன ஆயிற்று? அமெரிக்காவிலும் கனடாவிலுமாகக் கிட்டத்தட்ட 6 ஆயிரம் புகைப்பவர்களை 5 ஆண்டு தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். முழுவதும் விட்டவர்களின் நுரையீரல் நன்றாகத் தப்பித்தது. விடாமல் புகைத்தவர்களுடையது வேகமாகத் தேய்ந்தது. இடையிடையே விட்டுத் திரும்பியவர்களோ, விடாதவர்களைவிடக் குறைவாகவே இழந்திருந்தார்கள். அதாவது, விட்ட ஒவ்வொரு மாதமும் கணக்கில் வந்திருக்கிறது. ரிச்சர்ட் டால் 1951இல் தொடங்கிப் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 30 வயதில் விட்டவர் ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுளை மீட்கிறார், 60 வயதில் விட்டவரும் 3 ஆண்டை மீட்கிறார். காலம் கடந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? மதுவில் ஆயத்தமில்லாத ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்த நிறுத்தத்தைக் கடினமாக்கக்கூடும். அபினி வகையில் திரும்பி வரும் முதல் நாளே கொல்லக்கூடும். புகையிலையில் தோற்ற முயற்சிக்கும் பலன் இருக்கிறது. ஆகவே எல்லாப் பழக்கத்துக்கும் ஒரே அறிவுரை உதவாது. ஆனால் மூன்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. விடுவது ஒருபோதும் தவறல்ல. போன முறை விட்டது போலவே மறுபடியும் விடுவதுதான் தவறு. இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த வாதம் இது ஒன்றுதான். மனதையும் வீட்டையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

மனதுக்கு வருவோம். விட்டு இரண்டு மாதம் ஆன ஒருவர், மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு கட்டிங் போட்டுவிடுகிறார். நடந்தது அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவர் மனது என்ன சொல்லுகிறது? 'தலைக்கு மேல் வெள்ளம், இனி சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்று சொல்லுகிறது. ஒரு கட்டிங் ஒரு குவார்ட்டர் ஆகிறது, ஒரு நாள் ஒரு மாதம் ஆகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1970களிலிருந்து வருடக்கணக்கில் ஆராய்ந்தது இதைத்தான். ஒருமுறை வழுக்குவது வேறு, மறுபடி விழுந்தே கிடப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வழுக்கலை வீழ்ச்சியாக மாற்றுவதில் 'நான் எதற்கும் லாயக்கில்லாதவன்' என்று அந்த ஆள் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மனச்சோர்வு, யாரோடாவது சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும்தான் முதல் வழுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் என்பதையும் அவர் கண்டார். இந்தத் தீர்ப்பு முறைக்கு முறை கனக்கிறது. முதல் முறை தோற்றவர் அதற்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்வார். ஐந்தாம் முறை தோற்றவர் தன்னையே காரணம் சொல்வார். பத்தாம் முறைக்குப் பிறகு முயற்சியே நின்றுபோகும். திரும்பத் திரும்பத் தோற்பதால் வரும் பெரிய நஷ்டம் இதுதான். ஈரல் கெடுவதற்கு முன்பே நம்பிக்கை கெட்டுவிடுகிறது.

அடுத்து வீடு. ஒவ்வொரு முறையும் வீடு கூடவே விடுகிறது, கூடவே தோற்கிறது. முதல் சத்தியத்தில் மனைவி அழுகிறாள், நம்புகிறாள், அடகு வைத்த வளையலை மீட்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். குழந்தையின் தலையில் கை வைத்துச் செய்த இரண்டாவது சத்தியமும் போன பிறகு அவள் நம்புவதில்லை, வேவு பார்க்கிறாள். சட்டைப் பையைத் தடவுகிறாள், வாயை மோந்து பார்க்கிறாள், பத்து நிமிடம் தாமதித்தால் வாசலில் நிற்கிறாள். நிஜமாகவே விட்டிருக்கும் நாளிலும் கணவர் சந்தேகத்தின் நடுவில்தான் வாழ வேண்டியிருக்கிறது. 'குடிக்காமலே திட்டு வாங்குவதற்குக் குடித்துவிட்டே வாங்கலாம்' என்கிறார். பிள்ளைகள், அப்பா நல்லபடியாக இருக்கும் நாட்களில்கூட எப்போது மாறுவாரோ என்று பயந்துகொண்டே படிக்கிறார்கள். அலுத்துப்போன வீடு கடைசியில் குறுக்குவழி தேடுகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் வருகிறதே, அதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். இப்படிக் கலக்கப்படக்கூடிய டைசல்ஃபிராம் என்ற மாத்திரை, நோயாளியின் முழுச் சம்மதத்தோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் கொடுக்க வேண்டியது. உள்ளே அது இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். காப்பாற்ற நினைத்த கையே கொல்லக் கூடாது அல்லவா?

இப்போது நம் கண்முன் வருடாவருடம் நடக்கும் ஒரு சான்றைச் சொல்கிறேன். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். வருடம் முழுவதும் குடித்தவர், ஒரு நாள் விட்டால் தலைவெடிக்கும் என்று சொன்னவர், ஒரு மண்டலம் குடியைத் தொடுவதில்லை, சிகரெட்டைத் தொடுவதில்லை. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே அவர்களில் பலர் பழைய இடத்தில் நிற்கிறார்கள். இதைச் சொல்லி ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு ஏளனம் தோன்றவில்லை, பெரிய உண்மை தெரிகிறது. மாலை போட்டவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது, பாருங்கள். விடியற்காலையில் குளிக்க வேண்டும், சாயங்காலம் குளிக்க வேண்டும். குடித்துக்கொண்டிருந்த அதே பொழுதில் பஜனைக்குப் போக வேண்டும். கூட நடக்கக் கூட்டம் இருக்கிறது, வழிகாட்டக் குருசாமி இருக்கிறார். கறுப்பு வேட்டியைப் பார்த்தாலே பழைய கூட்டாளி ஒதுங்கிப் போகிறார். நேற்று வரை ஏச்சு வாங்கியவரை மனைவியும் 'சாமி' என்கிறாள், முதலாளியும் 'சாமி' என்கிறார். அவரைத் தாங்கியது அவருடைய மன உறுதி மட்டுமல்ல. நேரம், இடம், துணை, மரியாதை என்ற நான்கும் சேர்ந்து தாங்கின. மாலை கழன்ற நாளில் நான்கும் ஒரேயடியாகக் கழன்றுவிடுகின்றன. அவர் தோற்றார் என்பதைவிட, அவரைத் தாங்கிய ஏற்பாடு முடிந்துபோனது என்பதே சரி. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் மாலைக்கு முதல் நாள் வரை குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. விரதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது பக்திக்கு எந்தக் குறையும் செய்யாது.

இதே உண்மையை வேறொரு மண்ணிலும் பார்த்தார்கள். வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே 5 பேரில் ஒருவர் ஹெராயின் முதலான அபினி வகைக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமையானவர்களில் 100க்கு 5 பேர்தான் மறுபடி அடிமையானார்கள். 3 ஆண்டிலும் சேர்த்துப் பார்த்தால் 12 பேர். போர்க்களம் போயிற்று, கையெட்டும் தூரத்தில் கிடைத்த மலிவான ஹெராயின் போயிற்று, வீடும் வேலையும் வந்தன. இதையே மறுபக்கத்திலிருந்து காட்டும் சான்றும் நம்மிடம் உண்டு. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைகள் ஊரடங்கில் மூடப்பட்டன. கடை மூடியது, ஆனால் வேறு எதுவும் மாறவில்லை. துணை இல்லை, மருந்து இல்லை, வருமானமும் இல்லை. மே 7ஆம் தேதி சென்னை நீங்கலாகக் கடைகள் திறந்தபோது வெயிலில் நின்ற வரிசையின் நீளத்தை நாடே பார்த்தது. வெறுமனே நிறுத்தப்பட்ட பழக்கம் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். 'எங்கள் தாத்தா ஒரே நாளில் விட்டார், வைத்தியமும் இல்லை, கூட்டமும் இல்லை' என்று சொல்வோர் உண்டு. உண்மையாகவே இருக்கலாம். அப்படி விட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அவரைப் போலவே ஒரே நாளில் விட்டு, இரண்டாம் நாள் வலிப்பில் போனவரின் பேரன் அதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. பிழைத்தவர் கதையை மட்டும் கேட்டு முடிவுசெய்வது நியாயமான கணக்கு ஆகாது. இரண்டாவது மறுப்பு கனமானது: 'மறுபடி தொடுவது சகஜம் என்று மேடையில் சொன்னால், அதையே சாக்காக வைத்துக் குடிப்பார்களே?' 2000ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லனும் அவர் கூட்டாளிகளும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் திரும்புகிறவர்கள் 100க்கு 40 முதல் 60 பேர் என்றது. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் மறுபடி நோய் முற்றுகிறவர்களும் ஏறக்குறைய அதே அளவு, சற்றுக் கூடவே உண்டு. ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்தவரை 'உனக்கு வைத்தியம் வீண்' என்று யாராவது திருப்பி அனுப்புகிறோமா? மாத்திரையை மாற்றுகிறோம், உப்பைக் குறைக்கிறோம், அடிக்கடி பார்க்கிறோம். நோய் என்று சொல்வதால் பொறுப்பு போய்விடாது. மாத்திரையை வேளாவேளைக்கு எடுப்பது அந்த நோயாளியின் பொறுப்புதானே? சறுக்கியதை மறைக்காமல் அன்றே சொல்வதும், மறுநாளே மருத்துவரிடம் போவதும் இந்த நோயாளியின் பொறுப்பு. சாக்கு என்பது உண்மையை மறைப்பது. நான் கேட்பது உண்மையைச் சொல்லச் சொல்லி.

அப்படியானால் அடுத்த முறை எப்படி விடுவது? நாள் குறிப்பதற்கு முன் உடம்பைக் காட்டுங்கள். காலையில் கை நடுங்குகிறவர், முன்பு வலிப்பு வந்தவர், பலமுறை விட்டுத் திரும்பியவர் வீட்டிலேயே தனியாக நிறுத்தவே கூடாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து இருக்கிறது, மூளையைக் காக்கத் தயாமின் என்ற பி1 வைட்டமின் இருக்கிறது. முதல் வாரம் மருத்துவருடையது. அதற்கப்புறம் வரும் மாதங்கள் ஏற்பாட்டினுடையவை. போன முறை எங்கே வழுக்கியது என்று உட்கார்ந்து எழுதுங்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த நேரமா? கடை தாண்டி வரும் பாதையா? மாமனார் வீட்டுப் பேச்சா? சம்பளத்தை வீட்டுக்கு நேராக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், பாதையை மாற்றுங்கள், சாயங்காலம் 6 மணிக்கு வேறு வேலை வையுங்கள், விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போங்கள். சறுக்கினால் அன்று இரவே யாருக்குப் போன் செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். அபினி வகையில் திரும்புகிறவரைத் தனியறையில் விடாதீர்கள். வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்: சத்தியம் கேட்காதீர்கள், அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதியைக் கேளுங்கள். சத்தியம் உடைந்தால் வெட்கம்தான் மிஞ்சும். தேதி தவறினால் வேறு தேதி வாங்கலாம்.

இதில் அரசுக்கும் சமூகத்துக்கும் பங்கு உண்டு. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டியதாகச் சொன்னது. மற்ற 37 பேர்? அவர்கள் முயலவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கோயில் வாசலில் கயிறு கட்டினார்கள், குழந்தை மீது சத்தியம் செய்தார்கள், புட்டியை உடைத்தார்கள். முயன்றவர்கள் தனியாக முயன்றார்கள், தனியாகத் தோற்றார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் மதுநோய்க்கென்றே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கி, நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை கொடுக்க வழிகாட்டினார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் அந்த வழி இருக்க வேண்டாமா? மதுக்கடை இருக்கும் ஊரில் எல்லாம் மது நிறுத்த மருந்தும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? அது வரும் வரை, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐயும், புகையிலையை விட 1800-11-2356ஐயும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை.

பலமுறை விட்டுப் பலமுறை திரும்பிய நண்பரே, உங்களிடம் கடைசியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு விடத் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். விடத் தெரியாதவர் ஒருமுறைகூட விட்டிருக்க மாட்டார். விட்ட பிறகு தாங்கிக்கொள்ள ஏற்பாடு இல்லாமல்தான் திரும்பினீர்கள். அந்த ஏற்பாட்டைச் செய்து தருவது உங்கள் வீட்டின் கடமை, உங்கள் ஊரின் கடமை, வரி வாங்கும் அரசின் கடமை. கேட்டு வாங்குவது உங்கள் கடமை. ஆகவே மறுபடியும் விடுங்கள். ஆனால் போன முறை போல விடாதீர்கள். தனியாக விடாதீர்கள். மருத்துவரிடம் கேட்காமல் விடாதீர்கள். திரும்பிவிட்டால் மறைக்காதீர்கள், சொல்லுங்கள், அடுத்த நாளே மறுபடி தொடங்குங்கள். இந்த அரங்கில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அவர் எத்தனையாவது முறையாக வந்தாலும் கதவைத் திறங்கள். எத்தனையாவது முறை என்று கேட்டு அவரை நிற்க வைக்காதீர்கள், இந்த முறை என்ன ஏற்பாடு என்று கேட்டு உள்ளே அழையுங்கள்.